பதின்மூன்றாவது பெட்டி

உளுந்து தெளித்த வயல்களின் ஓரம்
முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி
மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரை
இருபத்துநாலு பெட்டிகளைப் புதைத்தோம்.
சோற்றுத் தூக்கு அளவுதான் ஒவ்வொன்றும்.
உள்ளே ஒரு சுருள், ஒரு காந்தம், ஒரு கடிகாரம்.
மண் அசைந்தால் எழுதும்.
ஒன்று மட்டும் கேட்டால் வெறும் சத்தம்.
யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று
எல்லாம் சேர்ந்து கேட்டால்
சத்தத்துக்கு ஒரு திசை பிறக்கும்.

"எண்ணெயா, கேஸா?" என்றார் கோசலை,
கையில் களைக்கொட்டோடு.
"ரெண்டும் இல்லீங்க. பூமிக்குள்ள என்ன இருக்குன்னு..."
"அதத்தானே அவங்களும் சொன்னாங்க."
துண்டுத்தாளில் இருந்ததை
இன்னொரு முறை வாசித்துக் காட்டினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"பெட்டிய வச்சுக்க. வயல வச்சுக்காத."

முதல் வாரப் பதிவு முழுக்க ஊர்தான்.
கரண்ட் வந்த நொடியில் எழும் பம்புசெட்டுகள்,
தாளடி அறுக்கும் எந்திரம்,
திருத்துறைப்பூண்டி ரயில்.
எட்டாவது பெட்டி கோசலையின் வரப்பில்.
அதனருகே தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு
யாரோ நடந்து வந்து உட்கார்ந்து
ஏழு நிமிடம் கழித்து எழுந்து போனார்.
எல்லாவற்றுக்கும் அடியில் கடல்,
அலையாத்திக் காட்டைத் தாண்டி வண்டலுக்குள் தவழ்ந்து
மன்னார்குடி வந்து சேர
ஒரு நிமிடத்துக்கும் மேலாகிறது அதற்கு.
காவிரி கொட்டிய மண்
எதையும் அவசரமாகப் போகவிடாது.

பதினொன்றாம் நாள் இரவு
பதின்மூன்றாவது பெட்டியைக் காணோம்.
என்ன நடந்ததென்று பின்னால் அதுவே சொன்னது:
மண்வெட்டி, நாலு போடு.
மோட்டார் சைக்கிள், பதினாலு நிமிடம், மூன்று வேகத்தடை.
பிறகு சிமெண்டுத் தரை.
எண்ணெய்க் கம்பெனிச் சாமான் என்று எழுதி வாங்கிக்கொண்டு
காவல் நிலையத்தில்
பறிமுதல் செய்த மணல் வண்டிச் சக்கரத்துக்கும்
தண்ணீர் கேனுக்கும் நடுவில் வைத்திருந்தார்கள்.
நாலு நாள், ஒரே மின்விசிறி.

அதில் ஒரு நாள்
சிலிக் கரையோரம் நிலம் முறிந்தது.
இருபது நிமிடம்கூட ஆகவில்லை,
எங்கள் காலடிக்கு வந்துவிட்டது.
பாறை, உருகிய இரும்பு, உறைந்த இரும்பு,
மறுபடி உருகிய இரும்பு, மறுபடி பாறை,
கடைசியில் நம் வண்டல்.
உளுந்து பூத்திருந்த நேரம். ஒரு பூ ஆடவில்லை.
கடல் நிமிடக் கணக்கில் கடந்த தூரத்தை
ஒரு நொடிக்குள் தொட்டு முடித்தது.
நேர் கீழிருந்து வருவது
யாரையும் வரிசையில் நிற்க வைப்பதில்லை.

"பதின்மூணத் தூக்கிடு" என்றார் ஸ்டீபன்ராஜ்.
இடம் மாறிவிட்டது, கூரைக்கு அடியில்
கடிகாரத்துக்கு வானம் தெரியவில்லை.
சரியான காரணங்கள்தான்.
நான் மின்விசிறியை மட்டும் வடிகட்டினேன்.
ரைட்டர் நாற்காலியை இழுத்ததற்கு நாலு விநாடி கழித்து
அதே துடிப்பு.
மற்ற இருபத்துமூன்றின் மேல் வைத்தேன்.
மயிரிழை பிசகி உட்கார்ந்தது.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு தடுமாற்றம்.
வண்டலின் அடித்தளத்திலிருந்து வரும் எதிரொலி
எட்டாவதில் தாமதமாக வந்தது.
அங்கே அடிப்பாறை சட்டென்று இறங்குகிறது.
பழைய பிளவு. மேலே ஒரு தழும்புகூட இல்லை.

பெட்டியை எடுக்கப் போனபோது கோசலை கேட்டார்,
"என்னதான் இருக்கு கீழ?"
"ஒரு படி இருக்குங்க. ரொம்ப ஆழத்துல."
"இன்னும் எறங்குமா?"
"தெரியல."
பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்.
கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு
"குழிய மூடிட்டுப் போ. மாட்டுக் கால் மாட்டிக்கும்" என்றார்.

மூடினோம்.
பெட்டியை அணைக்க மறந்து
வரப்பின்மேல் வைத்திருந்திருக்கிறேன்.
எட்டாவதின் கடைசிப் பக்கத்தில்
மண்ணை மிதித்து இறுக்கும் இரண்டு பேர்.
கனமான மிதி அவருடையது.